குமரவேல் சாப்பிட்ட கடைகள்

குமரவேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக் கூடத்தில் மூன்று நாற்காலியும் ஒரு சோபாவும் இருக்கின்றன. கொல்கத்தா டாக்குரியாவில் இந்தப் பிளாட்டுக்கு அவர் வந்துபோகத் தொடங்கி ஆறு வருஷமாகிறது. வந்தால் சமையலறை நிலையில் ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காலை மாற்றிக்கொள்வார். "உட்காருங்கோளேன்" என்றால், "இருக்கட்டும் மாமி, இப்படியே சௌகரியமா இருக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எனக்குத்தான் கால் வலிக்கிறது.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவிலிருந்து வெளிநாட்டுக்குக் கூட்டமாக ஆள் கூட்டிப்போகும் டூர் கம்பெனிகள், கூடவே ஒரு சமையல்காரரையும் கூட்டிப்போகும். வங்காளிகளுக்கு ஊர் சுற்றுவதில் எவ்வளவு ஆசையோ அவ்வளவு பயம் வயிற்றைப் பற்றி. பனிமலையைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பார்கள், ஆனால் மத்தியானம் ஒரு மணிக்குச் சோறும் பருப்பும் வந்தாக வேண்டும். நான் போகிற கம்பெனியில் சைவக் குழு ஒன்று தனியாக உண்டு. மார்வாடிக் குடும்பங்கள், மீனை விட்டுவிட்ட வயதான வங்காளி அம்மாக்கள், என்னைப் போல நாலைந்து தமிழர்கள். அந்த நாற்பது பேருக்கும் சமைக்கிறவர் குமரவேல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் லேக் மார்க்கெட் மெஸ் ஒன்றுக்குப் பரிமாற வந்தவர். இப்போது ஐம்பத்து நாலு வயது. பெஹாலாவில் வீடு, மனைவி அன்னம், ஒரே பெண் நந்திதா.

நான் விஜயலக்ஷ்மி. பாங்கில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ரிட்டயரான மறுமாசமே பாஸ்போர்ட்டைத் தூசி தட்டினேன். தனி ஆள், கேட்பார் இல்லை. இதுவரை ஏழு டூர் போயிருக்கிறேன், ஏழிலும் சமையல் குமரவேல்தான்.

டூரில் அவருடைய நாள் எப்படி என்று கேளுங்கள். காலை நாலு மணிக்கு ஓட்டல் பின்கட்டில் அவருக்கென்று ஒதுக்கிய மூலையில் அடுப்பு பற்றவைப்பார். ஏழரைக்குப் பொங்கலோ உப்புமாவோ பூரியோ தயார். மத்தியானத்துக்கு நாற்பது டப்பா கட்டி பஸ்ஸில் ஏற்றுவார். நாங்கள் கோவிலும் கோட்டையும் பார்க்கக் கிளம்பிவிடுவோம். அவர் பாத்திரம் தேய்த்து, காய்கறி வாங்கி, இரவுச் சமையலை ஆரம்பிப்பார். பதினோரு நாடு போனவர் அவர். பதினோரு நாட்டிலும் அவர் பார்த்தது ஓட்டல்களின் பின்வாசலும் பக்கத்துச் சந்தையும்தான்.

டூர் இல்லாத மாதங்களில் டாக்குரியா, ஜாதவ்பூர் தமிழ் வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். செவ்வாயும் வெள்ளியும் கடைசியாக என் வீடு. ராத்திரி எட்டு மணிக்கு மாவை வைத்துவிட்டுப் போக வேண்டியவர், எட்டரைக்கு ஆரம்பிக்கிற பேய் சீரியலைப் பார்க்க நின்றுவிடுவார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பார்ப்போம்.

சீரியல் பெங்காலி. வடக்குக் கொல்கத்தாவில் ஒரு பழைய மாளிகை. ரெண்டாவது மருமகளை மூத்த மருமகள் மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டாள். செத்தவள் ஒன்றரை வருஷமாகப் பேயாக வந்துகொண்டிருக்கிறாள். காற்று அடிக்கும், ஜன்னல் படபடக்கும், கொலுசு சத்தம் கேட்கும். உடனே வீட்டிலிருக்கும் ஒவ்வொரு முகத்தையும் மூன்று தடவை கிட்டத்தில் காட்டுவார்கள். பதினாலு முகம், மூன்று தடவை. அதற்குள் விளம்பரம் வந்துவிடும். மகா அபத்தம், ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். அந்த வீட்டில் ஒழுங்காக வேலைக்கு வருவது அந்தப் பேய் ஒன்றுதான் என்பது என் கட்சி.

குமரவேலுக்குக் கோபம் வேறு காரணத்தால்.

"ஒரு வீட்ல பதினாலு பேரு மாமி. எல்லாவனும் நகை போட்டுக்கிட்டுக் கூடத்துல நிக்கான். ஒன்றரை வருஷமா ஒருத்தன் சாப்பிட்டானா? அந்த வீட்டு அடுப்பு எரிஞ்சு நான் பாக்கல."

"பேய்க்கதையில அடுப்பு எதுக்கு?"

"சரி, அந்தப் பேய்க்காவது பசிக்குதா? பழி வாங்கணும், பழி வாங்கணும்ங்கா. பசிக்காத பேயி என்ன பேயி?"

ஒரு நாள் நான் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் சொன்ன மீன் பேயைப் பற்றி அவருக்குச் சொன்னேன். இந்த ஊர்ப் பழங்கதைகளில் வருகிற பேய் அது. சாயங்காலம் மீன் வாங்கிக்கொண்டு தனியாகப் போகிறவன் பின்னாலேயே வந்து, மூக்கால் பேசி, ஒரு துண்டு மீன் கொடு என்று கெஞ்சுமாம். குமரவேல் காலை மாற்றி வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். "இது பேயி. இதுக்கு நான் சமைச்சுப் போடுவேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சீரியலைப் பார்க்கவில்லை. கொலுசு சத்தம் வந்தது, விளக்கு அணைந்தது, அவர் பாட்டுக்குச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். குடத்தைத் தொட்டார், டம்ளரை நகர்த்தினார். என் தலை சுற்றியது. டீவியை அணைத்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டேன்.

"மாமி, ஹனோய்ல அந்த நீலக் கதவுக் கடை இருக்குல்ல? ஆவியில துணி கட்டி மாவு ஊத்துவாங்களே, அந்தக் கடை. அதுல சாப்பிட்டா எப்படி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. அந்தக் கடை நாங்கள் வழக்கமாகத் தங்கும் ஓட்டலின் பின்வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. சைவக் கடை. பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, கொதிக்கும் ஆவியில் அரிசிமாவை மெல்லிசாகத் தேய்த்து, மூங்கில் குச்சியால் உரித்து எடுத்து, உள்ளே காளான் வைத்துச் சுருட்டித் தருவார்கள். குமரவேல் நாலு தடவை ஹனோய் வந்திருக்கிறார்.

"நீங்க சாப்பிட்டதில்லையா?"

"இல்ல மாமி."

"நாலு தடவை போயும் அந்தக் கடைக்குள்ள போகலையா?"

"எந்தக் கடைக்குள்ளயும் போகல மாமி. எந்த ஊர்லயும்."

பிறகு மெதுவாக, நடந்துகொண்டே, எல்லாவற்றையும் சொன்னார்.

நந்திதா சின்ன வயதில் சோற்றைக் கண்டால் ஓடுகிற பெண். அப்பா ஊரில் இருந்தால் நாலு வாய் உள்ளே போகும், டூருக்குப் போய்விட்டால் அதுவும் கிடையாது. அவருடைய முதல் வெளிநாட்டு டூர் பாங்காக். இரண்டாம் நாள் அன்னம் போனில் அழுதாள். குழந்தை போனைப் பிடுங்கி, "அப்பா, நீ என்ன சாப்பிடுதே?" என்று கேட்டது. அவர் மிஞ்சின தயிர்சாதத்தைப் பாத்திரத்தோடு கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தார். எதிர்க்கடைக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தட்டைப் பார்த்து இவர் சொன்னார்: "அன்னாசிப் பழத்தக் குடைஞ்சு, அதுக்குள்ள சோறு வச்சுத் தாரான்மா." "அப்புறம்?" என்றது குழந்தை. "முந்திரிப்பருப்பு போட்டிருக்கான்." "அப்புறம்?" அவர் சொல்லச் சொல்ல அன்னம் ஊட்டினாள். தட்டு காலியாயிற்று.

அதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் அது நடந்தது. சுவிட்சர்லாந்தில் சின்னப் பானையில் உருக்கிய சீஸ், நீள முள்ளில் ரொட்டியைக் குத்தி முக்கித் தின்பது. இஸ்தான்புல்லில் நூல் மாதிரி இழுபடும் ஐஸ்கிரீம். எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தது. பெண் வளர்ந்தாள், பள்ளிக்கூடத்தில் அப்பாவின் சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினாள், காலேஜ் முடித்தாள், இங்கேயே கொல்கத்தா சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போனாள். பழக்கம் விடவில்லை. எந்த நாட்டிலிருந்து பேசினாலும் "இன்னைக்கு என்ன சாப்பிட்டே?" என்று கேட்பாள். இவரும் சொல்லுவார்.

ஹனோய் கதைதான் எல்லாவற்றிலும் பெரிய கதை. சந்தையிலிருந்து கீரை வாங்கி வரும்போது தினமும் கால்மணி நேரம் அந்தக் கடைக்கு எதிரே நின்றிருக்கிறார். சமையல்காரர் அல்லவா, துணியின் மேல் மாவு வேகிற அந்த வேலை அவரை இழுத்துப் பிடித்துவிட்டது. பார்த்ததையெல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகு பார்க்காததையும் சேர்த்தார். கடைக்காரம்மாவுக்கு அவரை நன்றாகத் தெரியுமாம். அவர் போனால் எழுந்து வந்து, அவருக்கென்று வைத்திருக்கும் முக்காலியை ஓரமாக எடுத்துப் போடுவாளாம்.

"இப்ப பூஜா லீவுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டா மாமி. எனக்கும் அவளுக்கும். அவங்கம்மா, சீரியல விட்டுட்டு வர முடியாதுன்னுட்டா. ஹனோய்ல இறங்கின மறுநாள் காலையில அந்தக் கடைலதான் சாப்பாடுங்கா. அந்தம்மாவுக்குக் குடுக்க ஒரு தாந்த் துணி வேற வாங்கி வச்சிருக்கா, சாந்திப்பூர் கைத்தறி நெசவு."

"சொல்லிடுங்கோ" என்றேன். "இன்னிக்கே ஆத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிடுங்கோ. இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

"அவ ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கா மாமி, எங்கப்பா உலகம் பூரா சாப்பிட்டவர்னு. நான் வேற என்ன குடுத்தேன் அவளுக்கு? வருஷத்துல பாதி நாள் வீட்ல இல்ல. அந்தக் கதையும் பொய்யின்னா, நான் அவளுக்கு யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, கம்பெனி மேலும் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

"சரி, எங்கிட்ட வந்து ருசி கேக்கறேளே, அந்தக் கடையில நான் சாப்பிட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹனோயில் ஒரு நாள் காலை, குமரவேலின் பொங்கல் எனக்கு அலுத்துப் போயிருந்தது. தலைவலி என்று சாக்குச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக நழுவி அந்தக் கடைக்குள் புகுந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கம் கீரைக்கட்டோடு அவர் நிற்பதைப் பார்த்தேன். பொங்கலை விட்டுவிட்டு வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார், மனஸ்தாபப்படப் போகிறார் என்று நினைத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்தது என்னை இல்லை, என் தட்டை என்று எனக்கு உறைக்கவில்லை. கையைக் காட்டிக் கூப்பிட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"பாத்தேன் மாமி" என்றார் குமரவேல். "நீங்க ரெண்டாவது தட்டும் வாங்கினீங்க. அதான் நல்லாருக்கும்னு நினைச்சேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் நான் தலையாட்டினேன். பெண்ணிடம் கதையை அப்படியே காப்பாற்றிவிடலாம், ருசியை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்றார். சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. வழவழவென்று இருக்கும், மெல்ல வேண்டியதில்லை, தொட்டுக்கொள்ளத் தண்ணியாக ஒன்று தருவார்கள், புளிப்பும் இனிப்புமாக இருக்கும் என்றேன். எவ்வளவு புளிப்பு என்றார். எலுமிச்சையா, மாங்காயா, பழைய மோரா? என் நாக்கு அவ்வளவு கணக்காக வேலை செய்வதில்லை.

மறு செவ்வாய் அவரே வந்து என் இட்லிப் பானையின் வாயில் பழைய மல்துணியை இழுத்துக் கட்டினார். பச்சரிசியை நைஸாக அரைத்துக் கொண்டுவந்திருந்தார். கரண்டியின் அடியால் ஒரு சுற்று, மூடி, ஒரு நிமிஷம், பிறகு என் மர ஸ்கேலை அடியில் விட்டு ஒரே தூக்கு. கிழியாமல் வந்தது. நாலு வருஷம் தூரத்திலிருந்து பார்த்துக் கற்ற கை. காளானை வதக்கி உள்ளே வைத்துச் சுருட்டித் தந்தார். வாயில் போட்டேன். அதேதான்.

"நீங்களும் சாப்பிடுங்கோ."

நின்றபடி ஒன்றை விழுங்கினார். "உப்பு கம்மி."

"அங்கேயும் கம்மிதான்."

"சரி" என்று மனப்பாடம் செய்துகொண்டார். "உப்பு கம்மி. வழவழ. தொட்டுக்கத் தண்ணி."

அடுத்தது உட்காருகிற பாடம். அந்தக் கடையில் முழங்கால் உயரத்துக்குச் சின்னப் பிளாஸ்டிக் முக்காலிகள்தான். குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் வைத்தார், மடியில் வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டார்.

"வரமாட்டேங்கு மாமி. உக்காந்தா யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கு. மூணாவது இலைக்கு ரசம், ரசம்னு."

எட்டு தடவை முயற்சி செய்தோம். அதிகபட்சம் ஒரு விளம்பர நேரம். முக்காலியில் உட்காரத் தெரிந்து என்ன பயன் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. அந்தக் கடைக்காரம்மா இவரை யார் என்று கேட்டால் அத்தோடு கதை முடிந்தது. தாந்த் துணியை நீட்டிக்கொண்டு அந்தப் பெண் நிற்பதை நினைத்துக்கொண்டே முக்காலியைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தேன்.

துர்கா பூஜைப் பஞ்சமியன்று அப்பாவும் பெண்ணும் கிளம்பினார்கள். விமான நிலையத்திலிருந்து நந்திதா போன் செய்தாள். "மாமி, அப்பா இங்க வந்ததுலேருந்து ஹேண்ட்பேக்கப் பிடிச்சுக்கிட்டு நடந்துட்டே இருக்காரு. பதினோரு நாடு போன ஆளு, கீ நெர்வஸ் தேக்கோ" என்று சிரித்தாள். அப்பா எவ்வளவு பதறுகிறார் பாருங்கள் என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் செய்தேன்.

மறுநாள் காலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹனோய் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். இங்கே ஏழடித்தால் அங்கே எட்டரை, கடையில் கூட்டம் இருக்கும் நேரம். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன், பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடி வழிந்தது. தெருவில் பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். போனை எடுத்துப் பார்த்தேன், வைத்தேன். குமரவேல் மாதிரி நானும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். நான் ஒரு தடவை கையைக் காட்டிக் கூப்பிட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்ற நினைப்பு கூடவே நடந்தது.

எட்டே முக்காலுக்குப் போன் மணி அடித்தது.

"மாமி" என்றாள் நந்திதா. குரல் கரகரத்திருந்தது. "உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்ப நான் முழுசா சொல்லுதேன், கேளுங்க."

கடைக்குள் நுழைந்ததும் அப்பா கதவருகிலேயே நின்றுவிட்டார். இவள் துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பானையருகே இருந்த கடைக்காரம்மா தலையை நிமிர்த்தினாள், குமரவேலைப் பார்த்தாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பார்த்து ஏதோ கத்தினாள். நந்திதாவுக்கு ஒரே பெருமை. அப்பா சொன்னது மாதிரியே இந்தம்மாவுக்கு அப்பாவை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்தாள், கடைக்காரம்மாவின் அம்மா. நேரே குமரவேலிடம் போய், அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு சிரித்துக்கொண்டே மகளிடம் ஏதோ சொன்னாள். கடைக்காரம்மா தன் போனை எடுத்து அதில் பேசினாள். மொழிபெயர்த்து எழுத்தில் வந்ததை நந்திதா படித்தாள்.

"அப்படியே சொல்லுதேன் மாமி. 'இந்த மனிதர் நான்கு வருடமாக எங்கள் கடைக்கு எதிரே வந்து நிற்கிறார். ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. ஒரு நாள் நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன், ஓடிவிட்டார். சோறு கிடைக்காமல் அலைகிற ஆவி என்று என் அம்மா சொன்னார். ஆவிகளுக்கு வாசலில் கஞ்சியும் பொரியும் வைக்கிற நாட்களில், இவருக்கென்று ஒரு கிண்ணம் தனியாக வைக்கிறோம்.'"

நந்திதா நிறுத்தினாள். டாக் மேளம் ஓயவில்லை. நான் பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

"நான் திரும்பிப் பாத்தேன். அப்பாவுக்கு அவங்க பேசினது ஒண்ணும் புரியல. ஆனா என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுபோச்சு. 'அப்பா, நீ இங்க சாப்பிட்டதே இல்லியா'ன்னு கேட்டேன். 'இல்லம்மா'ன்னாரு. பாங்காக்? இல்ல. சுவிஸ்ல அந்த சீஸ் பானை? 'ஜன்னல் வழியாப் பாத்தேன்'ன்னாரு. எங்கயுமேவா அப்பா? 'எங்கயும் இல்ல'ன்னாரு."

"உனக்குக் கோபம் வந்ததா?"

"வந்துச்சு. அவர் மேல இல்ல. தினம் கேட்டேன் மாமி, என்ன சாப்பிட்டேன்னு. சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேக்கல."

அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள். தட்டு வந்தது, அவர் எழுந்துவிட்டார். மறுபடி உட்காரவைத்தாள், மறுபடி எழுந்தார். கிழவி ஒரு பக்கமும் கடைக்காரம்மா ஒரு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. அவர் முன்னால இன்னொரு முக்காலியப் போட்டு உக்காந்தேன். 'நீ சாப்பிடு, நான் சொல்லுதேன்'ன்னேன். பாங்காக்ல ஆரம்பிச்சேன். அன்னாசிப் பழத்தக் குடைஞ்சு அதுக்குள்ள சோறு வச்சுத் தாரான் அப்பான்னேன். ஒரு வாய் எடுத்தாரு. முந்திரிப்பருப்பு போட்டிருக்கான்னேன். இன்னொரு வாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மாமி, ஒரு ஊர் விடல. நடுவுல நான் மூச்சு வாங்க நிறுத்தினா, தட்டப் பாத்துக்கிட்டே 'அப்புறம்?'ங்காரு."

நான் அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தை உருட்டினேன்.

"அப்பாகிட்ட குடு" என்றேன்.

போன் கை மாறியது. தெருச்சத்தம், ஸ்கூட்டர்கள், யாரோ சிரிப்பது. ஏழு டூர், ஆறு வருஷம். அவர் கையால் எத்தனை வேளை தின்றிருப்பேன். வீட்டுக்கு வருகிற தபால்காரரைக்கூட நான் அந்தக் கேள்வி கேட்டிருக்கிறேன், இவரை ஒரு நாளும் கேட்டதில்லை. சமைக்கிறவர்தானே என்று விட்டுவிட்டேன்.

"குமரவேலு, சாப்பிட்டேளா?"



"சாப்பிட்டேன் மாமி" என்றார். "மூணு தட்டு. உக்காந்துதான் இருக்கேன்."